பாட்டு இலவசம், நிறுத்த இடம்தான் இல்லை: அமெரிக்க லோரி ஓட்டுநர்களின் நிலை

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வால்காட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கு, ஐ-80 நெடுஞ்சாலையை ஒட்டி, உலகிலேயே ஆகப் பெரியது எனச் சொல்லப்படும் லோரி நிறுத்தம் 1964 முதல் இயங்கி வருகிறது. ஏறத்தாழ 900 லோரிகள் நிற்கக்கூடிய அந்த இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் ஓட்டுநர்களுக்காகத் திருவிழா நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அலங்கரித்த லோரிகளுக்குப் போட்டி, வாணவேடிக்கை, இரவில் கண்ட்ரி இசை நிகழ்ச்சி என விழா களைகட்டும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடக்கும் லோரிக் கண்காட்சியிலும் வருகையாளர்களுக்கு இலவச இசை நிகழ்ச்சி உண்டு.

இப்படிப்பட்ட மேடைகளில் பாடகர் இருவர் கித்தாரோடு ஏறி ஓட்டுநர்களுக்கு இலவசமாகப் பாடுவது அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. கண்ட்ரி இசையும் லோரித் தொழிலும் அங்கே அண்ணன் தம்பி போல வளர்ந்தவை. 1963இல் டேவ் டட்லி பாடிய லோரி ஓட்டுநர் பாடல் பெரும் வெற்றி பெற்றது. 1976 தொடக்கத்தில் லோரி அணிவகுப்பைப் பற்றிய ‘கான்வாய்’ என்ற பாடல் நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. இரவு முழுவதும் தனியாக ஓட்டுபவருக்கு அன்று வானொலியே துணை. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவருக்குத் தம் வாழ்க்கையை ஒருவர் மேடையில் பாடுவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. எனவே இந்த நிகழ்ச்சிகளைக் கண்துடைப்பு என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், கைதட்டல் ஓய்ந்த பிறகு ஓட்டுநர் திரும்பிச் செல்லும் வேலை எப்படிப்பட்டது என்பதே கேள்வி.

முதலாவது ஊதியம். நெடுந்தூர ஓட்டுநர்கள் பலருக்கு மணிக்கணக்கில் சம்பளம் இல்லை, மைல் கணக்கில்தான். சக்கரம் சுழன்றால் பணம். கிடங்கு வாசலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்திற்குப் பல வேளைகளில் கூலி கிடைப்பதில்லை. வாரத்திற்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது 1938ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கூட்டரசுச் சட்டம் மாநில எல்லை தாண்டிச் செல்லும் லோரி ஓட்டுநர்களுக்கு விலக்கு அளித்துள்ளது. அந்த விலக்கை நீக்க 2022இல் நாடாளுமன்றத்தில் மசோதா முன்வைக்கப்பட்டும் அப்போது நிறைவேறவில்லை.

இரண்டாவது, லோரியை நிறுத்த இடம். 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு ஓட்டுநர் ஒருவர் 11 மணி நேரம் மட்டுமே வண்டி ஓட்டலாம். அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 2017 டிசம்பர் முதல் மின்னணுக் கருவி இந்தக் கணக்கைப் பதிவு செய்கிறது. களைப்போடு ஓட்டுவதைத் தடுக்க வந்த நல்ல விதி இது. ஆனால் நேரம் முடியும்போது அருகில் இடம் இல்லையென்றால் என்ன செய்வது? விதியை மீற வேண்டும், அல்லது நெடுஞ்சாலை ஓரத்திலோ ஆளில்லாத இடத்திலோ வண்டியை நிறுத்தித் தூங்க வேண்டும்.

அந்த ஆபத்து கற்பனை அல்ல. 2009இல் சவுத் கரோலினாவில், சரக்கு இறக்கும் நேரத்திற்கு முன்பே வந்துவிட்ட ஓட்டுநர் ஒருவர், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையத்தில் லோரியை நிறுத்தி ஓய்வெடுத்தார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்றவனுக்குக் கிடைத்தது 7 டாலர். அவருடைய மனைவி தொடர்ந்து போராடியதன் பலனாக 2012இல் ‘ஜேசன் சட்டம்’ வந்தது. லோரி நிறுத்துமிடங்களை அமைக்கக் கூட்டரசு நிதியைப் பயன்படுத்த அது வழி செய்தது. ஆனாலும் பற்றாக்குறை தீரவில்லை என்பதே ஓட்டுநர் அமைப்புகளின் நீண்டகாலக் குறை.

பாராட்டுக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியை 2020ஆம் ஆண்டு அப்பட்டமாகக் காட்டியது. பெருந்தொற்றின்போது கடைகளுக்குப் பொருள் சேர்த்த ஓட்டுநர்களை நாடே நாயகர்கள் என்று புகழ்ந்தது. அதே மார்ச் மாதத்தில் பென்சில்வேனியா மாநிலம் சாலையோர ஓய்வுப் பகுதிகளை மூடியது. கழிவறைக்குக்கூட எங்கே போவது என்று ஓட்டுநர்கள் குரல் எழுப்பிய பிறகே அவற்றில் சில திறக்கப்பட்டன.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. தொப்பி அணிந்த வெள்ளைக்கார ஓட்டுநர் என்ற பழைய படம் இன்று முழு உண்மை அல்ல. பஞ்சாபி சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் இத்தொழிலில் உள்ளனர். ஓக்லஹோமா, வயோமிங் சாலைகளில் பஞ்சாபி தாபாக்களும் முளைத்துள்ளன. ஆங்கிலத் திறன் போதாத ஓட்டுநரைப் பணியிலிருந்து நிறுத்தும் விதி 2025 ஜூன் முதல் மீண்டும் கடுமையாக்கப்பட்டதால், குடியேறியவர்களுக்கு வேலை பற்றிய கவலையும் சேர்ந்துள்ளது.

இலவச இசை நிகழ்ச்சிக்கு ஆகும் செலவைப் பெரும்பாலும் நிறுவனங்கள் விளம்பரக் கணக்கில் ஏற்கின்றன. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கொடுப்பதும் பாதுகாப்பான நிறுத்துமிடம் கட்டுவதும் ஆண்டு முழுவதும் தொடரும் செலவு. முதலாவது எளிது, இரண்டாவது கடினம். பாடகர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். தம் பங்கை இன்னும் முழுதாகச் செய்யாதவர்கள், சரக்கை அனுப்புபவர்களும் சட்டம் இயற்றுபவர்களும்தான்.