பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது?



சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் புதிதாகச் சேர்ந்த தம்பிமார்கள் ஜார்ஜ்டவுனுக்கு வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வாய்க்கு ருசியாக ஒரு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி "பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டால், மடித்து மடித்து எழுத்து அழிந்துபோன ஒரு போட்டோஸ்டாட்டை நீட்டுகிறார்கள். அசல், தோட்டத்து ஆபீஸ் இரும்புப் பெட்டியில்!

"அது வெளிநாட்டுக்காரன் பாடு, நமக்கென்ன?" என்று லயத்தில் சிலர் பேசுவது நம் காதில் விழாமல் இல்லை. இந்தப் பகுதி கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக் கூலியாக வந்த நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் புது ஆட்கள்தாம். ஒப்பந்தம் தீருமுன் தோட்டத்தை விட்டுப் போனால் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். 1910இல் சஞ்சி முறை ஒழிக்கப்பட்டது. ஆளைக் கட்டிப் போடும் புத்தி மட்டும் சிலரிடம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நமது அரசியல் சாசனத்தின் 5ஆவது விதி கைது செய்யப்பட்டவரைப் பற்றிப் பேசும்போது 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 'ஒருவர்' என்றே சொல்கிறது. ஆகவே நேற்று விமானம் இறங்கியவருக்கும் அது பொருந்தும். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வக்கீலைக் கலந்து பேச விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2007இல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, எங்கே இருக்கிறோம் என்று உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவும் உரிமை கொடுக்கிறது. சாட்சி கலைந்துவிடும் என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே போலீஸ் இதைத் தள்ளிப்போடலாம்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வெளிநாட்டவரை இமிகிரேஷன் சட்டத்தில் பிடித்தால், அதே 5ஆவது விதி 24 மணி நேரத்தை 14 நாளாக நீட்டிவிடுகிறது. திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவர் மறுநாளே மாஜிஸ்திரேட்டைப் பார்க்கலாம். 'பெர்மிட் இல்லாதவன்' என்ற சந்தேகத்தில் பிடிபட்டவரோ இரண்டு வாரம் உள்ளே கிடக்க நேரலாம்! முறையான பெர்மிட் இருந்தும், அதைக் காட்டக் கையில் பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்காக ஒருவர் இந்தத் தொல்லையை அனுபவிக்க வேண்டுமா?

"தொலைத்துவிடுவார்கள், ஓடிவிடுவார்கள், அதனால்தான் வாங்கி வைக்கிறோம்" என்கிறது நிர்வாகம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 2020இல் அமெரிக்கச் சுங்க இலாகா மலேசியச் செம்பனை எண்ணெயைத் தடுத்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. தொலையும் என்ற பயம் நியாயமானதே. அதற்கு ஆளுக்கொரு பூட்டுள்ள அலமாரி கொடுக்கட்டும். சாவி தொழிலாளி கையில் இருக்கட்டும்.

புது ஆட்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியவை சில உண்டு. போலீஸைக் கண்டு ஓடாதே. எதிர்த்துக் கத்தாதே. காசு நீட்டாதே, அது தனிக் குற்றம். "துவான், அப்பா சாலா சாயா?" என்று பணிவாகக் கேள், 'ஐயா, என் குற்றம் என்ன?' என்று அர்த்தம். வாக்குமூலம் எடுத்தால், நீ சொன்ன மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்த இடம் கொடுத்த பிறகே கையெழுத்தோ ரேகையோ வை. பதில் உன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்க 112ஆவது பிரிவு இடம் தருகிறது. பெண்களைப் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும். உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேள்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. லயத்தில் புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் நம் வீட்டு டெலிபோன் நம்பரை எழுதிக் கொடுப்போம். ஒருவர் இரவு திரும்பவில்லையென்றால், மறுநாள் பிரட்டு வரை காத்திருக்காமல் அன்றிரவே தோட்டக் கமிட்டித் தலைவர் போலீஸ் நிலையம் போய் விசாரிக்கட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் கேள்வியாக, ஆபீஸ் பெட்டியில் எத்தனை பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.