பொங்கல் சாமானை மரக்காணத்துலயே வாங்குவோம்

மார்கழி பொறந்துட்டா மரக்காணம் கடைத்தெருவுக்கு ஒரு களை வந்துடும். கிறிஸ்துமஸுக்கு கலர் கலரா ஸ்டார் தொங்கும். பின்னாடியே கோலமாவு, கலர்ப்பொடி வரும். போகிக்குள்ள கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, மண்பானை, மாட்டுக்குக் கயிறு, சலங்கைன்னு ரோட்டோரம் நெறைஞ்சிடும். பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காசு எங்க போகுதுன்னு பாருங்க. கையில நாலு காசு வந்த உடனே பாதி ஜனம் பாண்டிக்கு பஸ் ஏறுது, மீதி ஜனம் திண்டிவனம் போகுது.

இதுல என்ன தப்பு, அவங்கவங்க காசு, அவங்கவங்க இஷ்டம்னு கேக்கலாம். நம்ம ஊரு நெலமை வேற, அதனாலதான் எழுதறேன்.

உப்பளத்துல ஐப்பசி மழை எறங்கினா வேலை நின்னுடும். கார்த்திகை, மார்கழி போயி, பாத்தித் தண்ணியை எறைச்சு, சேத்தை மிதிச்சு இறுக்கி, மறுபடி உப்புத்தண்ணி கட்டி, வெயில் ஏறி உப்பு பூக்கறதுக்குள்ள தை தாண்டிடும். அதாவது பொங்கல் வர்ற நேரத்துல உப்பளத்து ஜனத்துக்குக் கூலியே இல்ல. மழைக்காலத்துக்குன்னு அரசாங்கம் 5,000 ரூபா நிவாரணம் குடுக்குது. நல்ல காரியம்தான். ஆனா மூணு மாசத்துக்கு அது எத்தனை நாள் அடுப்பு எரியும்? விவசாயி கதையும் அதேதான். சம்பா இன்னும் வயல்லதான் நிக்குது, தர்பூசணி இப்பத்தான் கொடி ஓடுது.

அந்த மூணு மாசமும் நம்மள ஓட்டறது யாரு? தெருமுனை மளிகைக் கடைக்காரர் வச்சிருக்கிற கடன் நோட்டு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரை ஏறினது யாருக்கும் மறந்திருக்காது. மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. உப்பளமும் வயலும் ஒண்ணாக் கடல் மாதிரி கெடந்துச்சு. அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபா அறிவிச்சுது. அது கைக்கு வர்ற வரைக்கும் அரிசி, பருப்பு, மெழுகுவத்தி கடனா குடுத்தது நம்ம தெருக்கடைதான். பாண்டியில இருக்கிற ஏசி கடையில போயி "தை மாசம் தர்றேன்"னு சொன்னா ஒரு தீப்பெட்டி குடுப்பானா?

கடைக்காரரும் மொத்த வியாபாரிகிட்ட பணம் கட்டித்தான் சரக்கு எடுக்கணும். நோட்டுல எழுதறதுக்கு மட்டும் அவரு கடை, ரொக்கத்துக்கு வெளியூர்க் கடைன்னா அவரு எத்தனை வருஷம் தாங்குவாரு? ஒரு நாள் நோட்டை மூடிடுவாரு. அடுத்த ஐப்பசியில நாம யாருகிட்ட போயி நிக்கறது?

பாண்டியில வெலை கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா சுமார் 35 கிலோமீட்டருக்குப் போகவர பஸ் சார்ஜ், புள்ளைங்களுக்கு டிபன், ஜூஸ் எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போடுங்க. துணிமணி எடுக்கணும்னா தாராளமா போங்க, அங்க தினுசு அதிகம். ரேஷன்ல பச்சரிசி, சர்க்கரை, கரும்பு வந்துடுது. மீதி வெல்லம், பருப்பு, மொச்சை, வள்ளிக்கிழங்கு, பானை, மஞ்சள் கொத்து இதெல்லாம் இங்கயே கெடைக்குதே. ரோட்டோரம் மஞ்சள் கொத்து விக்கிற அம்மாகிட்ட அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீங்க. அவங்க வீட்லயும் அந்தக் காசுலதான் பொங்கல்.

கடைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கடனுக்கு வாங்கறவன்தானேன்னு ஒரு வெலை, ரொக்கத்துக்கு ஒரு வெலைன்னு வைக்காதீங்க. வாங்கின அன்னிக்கே சிட்டையில எழுதிக் குடுத்துடுங்க. சந்தேகம் வந்ததாலயே கடை மாறினவங்க நம்ம ஊர்ல உண்டு.

நெலம் வச்சிருக்கிறவங்களுக்கும் சொல்றேன். நடவுக்கும் களைக்கும் வந்தவங்க கூலி பாக்கியைப் போகிக்கு முன்னாடியே குடுத்துடுங்க. பொங்கல் கழிச்சுக் குடுக்கிற கூலியில புதுப்பானை வாங்க முடியாது.

காசு இல்லாத நாள்ல நம்ம பேரை நோட்டுல எழுதிக்கிட்ட கடைப் படியை, காசு இருக்கிற நாள்லயும் மிதிக்கணும். அவ்வளவுதான் நான் சொல்றது.