வாடகை வீட்டுக்கு 10 மாத அட்வான்ஸ்: சட்டம் சொல்வது 3 மாதம்தானே, பிறகு எப்படி?

சென்னையில் 15 ஆயிரம் ரூபாய் வாடகைக்கு வீடு பார்த்தால், சாவி வாங்கும் முன்பே ஒன்றரை லட்சம் ரூபாய் கையில இருக்கணும். 10 மாத அட்வான்ஸ் என்பது இங்கே எழுதப்படாத விதி. ஆனால் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் சொல்வது 3 மாதம், அதாவது 45 ஆயிரம் ரூபாய்தான். பிறகு எப்படி எல்லோரும் கூச்சமே இல்லாமல் 10 மாதம் கேட்கிறார்கள்?

பதில் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று சொல்லும் பிரிவு, 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில்' என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கும் குடும்பம் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்து போடாது?

பழைய சட்டம் ஏன் போனது?

1960-ம் ஆண்டு சட்டப்படி 'நியாய வாடகை'யை நிர்ணயிக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம். குடியிருப்பவரை எளிதில் காலி செய்ய முடியாது. இதனால் காலத்துக்கு ஒவ்வாத வாடகையோடு வருஷக்கணக்கில் வழக்கு நடத்திய உரிமையாளர்கள் ஏராளம். வீட்டைப் பூட்டியே வைத்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், இருவரும் பேசி முடிப்பதுதான் வாடகை.

எழுத்து இல்லாவிட்டால்?

இங்கேதான் சிக்கல். புதிய சட்டப்படி 11 மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்துப்பூர்வமாகப் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். வருமான வரிக்குப் பயந்து 'அதெல்லாம் எதுக்கு, வாய்வார்த்தை போதும்' என்று சொல்வது பெரும்பாலும் ஹவுஸ் ஓனர்தான். ஆனால் விலை கொடுப்பது குடியிருப்பவர்.

உரிமையாளர்கள் எல்லோரையும் பணக்காரர் என்று நினைப்பதும் சரியல்ல. மேல்மாடி வாடகையில் மருந்துச் செலவை ஓட்டும் ஓய்வூதியர்களும் இருக்கிறார்கள். 2 மாதம் வாடகை பாக்கி வைத்தால் வெளியேற்றக் கோரலாம், கெடு முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம் என்ற பிரிவுகள் அவர்களுக்கானவை. அதே நேரம், தகராறு என்றதும் தண்ணீரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் சட்டவிரோதம். வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்து இணைப்பைத் திரும்பப் பெறலாம்.

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு 2 மாத முன்பணமே போதும் என்கிறது. ஆனால் அது மாதிரி மட்டுமே. மாநிலம் ஏற்றால்தான் செல்லும்.

அட்வான்ஸ் எப்போது திரும்பும்?

காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு தர வேண்டும். 'பெயிண்டிங் செலவு' என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதற்கு, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்கவில்லை என்றால், கொடுத்தது எவ்வளவு என்பதை நிரூபிப்பதே பெரும்பாடு.