பெட்டியை அன்று, காசைப் பாருங்கள்



அண்மையில் மல்லாங்கிணற்றுக்கு நாம் சென்றிருந்தபோது, அறிமுகமான குடும்பத்தார் நீல வெல்வெட் பெட்டியொன்றைக் கொணர்ந்து காட்டினர். மகளின் முதல் நற்கருணை விழாவுக்குப் பரிசாக அதனை வாங்கத் தந்தையார் எண்ணியிருந்தார். உள்ளே மூன்று நாணயங்கள். அன்னை தெரசாவின் பிறப்பு நூற்றாண்டை ஒட்டி 2010இல் வெளிவந்த நூறு ரூபாயும் ஐந்து ரூபாயும் இரண்டு. இராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி 'ஓர் அணா' மூன்றாவது. விலை 18,000 ரூபாய். "பத்து வருசத்தில் இலட்சத்துக்குப் போகும், அண்ணாச்சி" என்று கூறி, ஓரிரவு பார்வைக்கு விட்டுச் சென்றிருந்தார் விற்பவர். அத்தொகை, கரிசல் காட்டில் ஒரு பருவம் பாடுபட்டுப் பருத்தி விற்றுச் சேர்த்தது. "பணம் கொடுக்குமுன் அருப்புக்கோட்டை வரை போய் வருவோம்" என்றோம்.

நாணயம் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்புகள் உண்டு. பொறித்திருக்கும் தொகை ஒன்று. உலோகத்தின் விலை மற்றொன்று. சேகரிப்போர் தரும் விலை மூன்றாவது. விற்பவர் மூன்றாவதை மட்டுமே பேசுவார். வாங்குவோர் இரண்டாவதிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்னையின் நூறு ரூபாய் நாணயம் 35 கிராம் எடையும் 44 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. அதில் வெள்ளி சரிபாதியே. எஞ்சியவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஆகவே அதிலுள்ள வெள்ளி பதினேழரை கிராம். அன்றைய வெள்ளி விலையால் அதனைப் பெருக்கினால் உலோக மதிப்பு தெரிந்துவிடும். அதற்குமேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் விற்பவர் காரணம் கூறக் கடமைப்பட்டவர்.

அருப்புக்கோட்டையில் நகைக்கடைத் தராசில் வைத்தபோது அந்நாணயம் 28 கிராமே இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, நடுவே ஊசிமுனை போன்ற குழிகள். நாணயச் சாலையில் அச்சால் அடிப்பது தெளிவாக இருக்கும். அச்சுக்குழியில் உருக்கி வார்த்த போலியே இவ்வாறு காட்டிக்கொடுக்கும். காந்தம் ஒட்டினால் வெள்ளி அன்று என்பது உறுதி. ஆனால் ஒட்டாததனாலேயே வெள்ளி என்றாகிவிடாது. பித்தளையும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை.

'ஓர் அணா'வுக்குத் தராசே தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ஓர் அணாவுக்கெனத் தனி நாணயம் புழக்கத்துக்கு வந்தது 1907ஆம் ஆண்டு முத்திரையோடுதான். கம்பெனி ஆட்சியோ 1858இலேயே முடிந்துவிட்டது. 1818இல் அப்படியொரு காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை.

பழமை வேறு, அருமை வேறு என்பதையும் அறிதல் நலம். 1939ஆம் ஆண்டிட்ட வெள்ளி ரூபாய் அரிது. அதற்கு முந்தைய விக்டோரியா ரூபாய்களுள் பல எளிதில் கிடைக்கின்றன. 1939க்கு மதிப்பு மிகுதியாதலால், ஆண்டெண்ணைத் திருத்திய போலிகளும் உலவுகின்றன. கடைசி இலக்கத்தைக் கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும்.

தொகுதியாக வாங்குவோர் நாணயச் சாலைக் குறியையும் நோக்குக. ஆண்டின் கீழே வைரவடிவம் மும்பைக்கு, விண்மீன் ஐதராபாத்துக்கு, புள்ளி நொய்டாவுக்கு. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. மும்பையின் சிறப்புத் தொகுதிகள் சிலவற்றில் 'எம்' என்னும் எழுத்து இருக்கும். உறை ஒரு சாலையையும் காசு வேறொரு சாலையையும் கூறினால் வாங்காதீர். நல்ல பெட்டியில் போலிக் காசை வைப்பது எளிது. புதிய நினைவுத் தொகுதிகளை அரசு நாணயச் சாலைகளிடமே நேரில் வாங்கலாம்.

பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருவதாகக் கூறி முன்கட்டணம் கேட்போரும் உளர். தன் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் இத்தகைய ஏமாற்று குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம் கேட்டவுடனேயே பேச்சை முடித்துக்கொள்வது அறிவுடைமை.

பெட்டி மறுநாளே திரும்பிற்று. அன்று மாலை, அதுவரை வாய் திறவாதிருந்த பாட்டியார், தகரப்பெட்டியின் அடியிலிருந்து துணிமுடிச்சு ஒன்றை எடுத்து வந்தார். ஐந்தாம் ஜார்ஜின் உருவம் பொறித்த வெள்ளி ரூபாய், ஆண்டு 1919. அடுத்த முறை சென்றபோது அதையும் நிறுத்தனர். அக்காலத்து ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பாட்டியாரின் காசு தேய்மானம் போக 11.5 இருந்தது. விலை பெரிதன்று, எனினும் ஐயத்துக்கு இடமற்றது.

"புளி போட்டுத் துலக்கிக் கொடுக்கட்டுமா?" என்றார் பாட்டியார். வேண்டாம் என்றோம். துலக்கினால் எழுத்தின் கூர்மையும் காலம் தந்த நிறமும் போய்விடும். சேகரிப்போர் மதிப்பும் குறையும். கறுத்த காசாகவே அது பேத்தியின் கைக்குச் சென்றது. பருத்திப் பணம் வீட்டிலேயே தங்கிற்று.