மூளைக்கு வலிக்காதாம்... சரி, மண்டைக்கு?

மூளைக்கு வலி தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே படித்த சங்கதி. இதை வைத்துக்கொண்டே உலகம் முழுக்க டாக்டர்கள் பல வருஷம் ஓட்டிவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுத்தாலும் பெரிசாக வலிக்காது, கொஞ்சம் கோடீன் போதும் என்பதுதான் அப்போதைய வேதவாக்கு!

மூளைக்கு வலிக்காது, ஒப்புக்கொள்வோம். அதற்குப் போகிற வழியில் அறுபடும் தோல், தசை, எலும்பின் மேலுறை, டியூரா எனும் மூளையுறை எல்லாம்? அங்கே வலி நரம்புகள் இருக்கின்றனவே! 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 100-க்கு 60 பேர் வலி என்றார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு லேசான வலி அல்ல.

'அப்போ மார்ஃபின் கொடுக்கலாமே' என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மார்ஃபின் தூக்கத்தில் தள்ளும். நோயாளி மருந்தால் தூங்குகிறாரா, உள்ளே ரத்தம் கசிந்து நினைவு தப்புகிறதா என்று நர்ஸ் எப்படிக் கண்டுபிடிப்பார்? மூச்சு மந்தமானால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும், மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், மண்டைக்குள் அழுத்தம் கூடும். இதற்குப் பயந்தே வலி மருந்தில் கஞ்சத்தனம். பயம் நியாயம்தான், கஷ்டப்படுவது என்னவோ நோயாளி.

வழி இல்லாமலா? ஸ்கால்ப் பிளாக் இருக்கிறது. நெற்றி, பொட்டு, காதுப்பக்கம், பின்மண்டை என்று தலைத்தோலுக்குப் போகும் நரம்புகள் பக்கத்துக்கு ஆறு. அவற்றின் அருகே புபிவகெய்னோ ரோபிவகெய்னோ போட்டால் தலைத்தோல் மரத்துவிடும். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே ரகம். நினைவு மங்காது, மூச்சும் குறையாது. 2001-லேயே மான்ட்ரியாலில் தையல் போட்டு முடித்த கையோடு ரோபிவகெய்ன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். உப்புநீர் போட்டவர்களைவிட இவர்களுக்கு வலி குறைவு.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் எடை பார்த்து அளவு வைக்கவேண்டும். காதருகே ஊசி தவறினால் முகம் கொஞ்ச நேரம் கோணலாம். சில மணி நேரத்தில் மரப்பு விட்டுவிடும், அப்புறம் பாரசிட்டமால் போன்றவை வேண்டும். ஆனால் மார்ஃபினுக்குக் காட்டும் பயத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் எம்மாத்திரம்?

இன்னொன்று. நோயாளியை விழிக்க வைத்துப் பேச்சு கொடுத்துக்கொண்டே மூளையில் அறுவை செய்கிறார்களே, அங்கே தலைத்தோலை மரக்கடிக்காமல் யாராவது கத்தி வைப்பார்களா? அவர் கத்திவிடுவார். முழு மயக்கத்தில் இருப்பவர் கத்தமாட்டார் என்பதால்தானே அவருக்கு மட்டும் 'தேவைப்பட்டால் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள்?