முழங்கால் வலியும் மூலை நாற்காலியும்

"அப்பாடா!" என்று முழங்காலைப் பிடித்துக் கொண்டு எழுந்திருக்கும் பெரியவர் ஒருவராவது இல்லாத வீடு நம் ஊரில் அபூர்வம். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மருமகள் ஓடி வந்து, "அம்மா, நீங்கள் அசையவே கூடாது, எல்லாம் நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து விடுகிறாள். அன்பினால் செய்கிற காரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பே மாமியாருக்குத் தீங்காக முடிந்து விடுகிறது.

எப்படியென்று சொல்கிறேன். எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மெத்தை போல் அமைந்திருக்கிறது. அது நாளடைவில் நலிந்து மூட்டு முழுவதையும் பாதிப்பதே மூட்டுத் தேய்மானம். டாக்டர்கள் இதை 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்பார்கள். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவமே அதற்கு ஆகாரம். நடக்கும்போது அழுந்தியும் விரிந்தும், பிழிந்த பஞ்சு நீரை உறிஞ்சுவது போல் அத்திரவத்தை அது உறிஞ்சிக் கொள்கிறது. அசைவு நின்றால் ஆகாரம் குறைகிறது. முழங்காலைத் தாங்கும் தொடைச் சதையும் இளைத்துப் போகிறது. பாரமெல்லாம் மூட்டின் மேல் விழ, வலி அதிகரிக்கிறது. முதலில் கோவிலுக்குப் போவது நிற்கும். அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போவதும் நின்றுவிடும்.

ஆகவே இந்நோய்க்கு முதற் சிகிச்சை அளவான தேகப் பயிற்சிதான். உறுதியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரையில் நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலுக்கு 10 முறை, காலையும் மாலையும் செய்யலாம். சமதரையில் சிறிது நடையும் அவசியம். ஆரம்பத்தில் சற்று வலிக்கலாம். மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைத்துக் கொள்ளலாமே தவிர, அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஸ்தூல சரீரம் உள்ளவர்கள் 1 கிலோ எடையைக் குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. கைத்தடியை, வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிப்பதே முறை.

வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி நெடுநாள் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும். மேலே தடவும் மருந்து அவ்வளவு உபத்திரவம் செய்யாது. பெயர் ஒட்டாத பொட்டல மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, ஜாக்கிரதை! மூட்டு திடீரென்று சிவந்து வீங்கினாலும், ஜுரம் கண்டாலும், காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தாலும் அது வேறு நோயாக இருக்கலாம். தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எல்லாம் செய்தும் அன்றாடக் காரியங்கள் நடவாமற் போனால், செயற்கை மூட்டு பொருத்தும் சிகிச்சை இருக்கிறது. அம்மூட்டுகளுக்கு இந்திய அரசாங்கம் 2017-ல் உச்ச விலை விதித்தது.

தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்கும் மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் தொடைச் சதை எழுபது வயதிலும் பயிற்சியினால் வலுப்பெறும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் மெய்யான அன்பு உள்ளவர்கள், மாலையில் அவர்களோடு கூட நாலடி நடந்து வரட்டும்.