விளையாட்டுப் பயிற்சியில் பாலியல் தொல்லை: 'விசாகா கமிட்டி' இல்லாத இடத்தில் யாரிடம் சொல்வது?

மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற வீடியோ உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். அதே நாட்களில், ஆகஸ்ட் 11, 12-இல், தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. பெண்களையும் சிறார்களையும் காக்க 'பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை' வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

சரி, கோவளம் கடற்கரையில் போர்டுடன் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இதனால் என்ன பயன்?

டெல்லி சொன்ன பாடம்

2023 ஜனவரி 18 அன்று வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார். எஃப்.ஐ.ஆர். பதிவானது ஏப்ரல் 28-இல். அதுவும் வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம் போன பிறகு. மொத்தம் 100 நாள். 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் ஐந்து பெண்களின் புகார்களில் குற்றச்சாட்டு பதிவு செய்தது. சிறுமி தொடர்பான தனி வழக்கு 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது. அவர் எல்லாப் புகார்களையும் மறுத்துவருகிறார்.

அந்தப் போராட்டத்தின்போதுதான் இன்னொன்று தெரியவந்தது. நாட்டின் 30 விளையாட்டு சம்மேளனங்களில் ஏறத்தாழ பாதியில் சட்டப்படியான புகார் குழு இல்லை என்று செய்தி வர, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கே இந்த நிலை என்றால், உள்ளூர் கிளப்பில் கற்கும் பெண் எங்கே போவாள்?

சட்டம் கடற்கரைக்கும் வருமா?

வரும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 'பணியிடம்' என்பதில் பயிற்சி மையம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. புகார் தருபவர் அங்கே ஊழியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கற்றுக்கொள்ள வந்தவரும் தரலாம்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தாலே நிறுவனத்துக்குள் புகார் குழு கட்டாயம்; நாம் 'விசாகா கமிட்டி' என்று சொல்வது இதைத்தான். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

சிக்கல் இங்கேதான். சின்ன கிளப்பில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். முதலாளி, கோச், போட்டிக்கு ஆள் தேர்வு செய்பவர் மூவருமே ஒரே ஆளாக இருக்கலாம். 'அவர்கிட்ட போய் அவரைப் பத்தியே எப்படிச் சொல்றது?'

இதற்குத்தான் மாவட்டம்தோறும் உள்ளூர் புகார் குழு. 10 பேருக்குக் குறைவான இடமானாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் இங்கே தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பெயரை வெளியிடக் கூடாது. செங்கல்பட்டு மாவட்ட சமூகநல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

18 வயதுக்குக் கீழே என்றால்?

அது போக்சோ வழக்கு, நேராக போலீஸ். 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் கைதானது இந்தச் சட்டத்தில்தான். தெரிந்தும் மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. 'பேசி முடிச்சுக்கலாம்' என்பதற்கு இதில் இடமே இல்லை.

நடக்கும் முன்பே தடுக்க

2022-இல் வெளிநாட்டுப் பயிற்சியின்போது ஒரு சைக்கிள் வீராங்கனை தன் கோச் மீது புகார் தந்தார். அதன் பிறகு, வீராங்கனைகள் உள்ள அணியுடன் பெண் பயிற்சியாளர் கட்டாயம் செல்ல வேண்டும் என்றது இந்திய விளையாட்டு ஆணையம். இதை உள்ளூர் கிளப்பும் செய்யலாம், பெரிய செலவு இல்லை. வெளியூர்ப் பயணத்தில் கோச் தவிர இன்னொரு பெரியவர். சிறார்களுக்குத் தனி மெசேஜ் வேண்டாம், பெற்றோர் உள்ள குரூப் போதும். சர்ஃபிங்கில் போர்டைத் தள்ள வேண்டும், நிற்கும் விதத்தைத் திருத்த வேண்டும், தொடாமல் முடியாது. அதனால் எங்கே, எதற்குத் தொடுவேன் என்று முதல் வகுப்பிலேயே, பெற்றோர் முன்னால் சொல்லிவிட வேண்டும். எது பயிற்சி, எது அத்துமீறல் என்று குழந்தைக்கு அப்போதுதான் புரியும்.

அடுத்த முறை தங்கையையோ மகளையோ பயிற்சியில் சேர்க்கும்போது ஃபீஸ் கேட்பதோடு, 'புகார்னா யார்கிட்ட சொல்லணும்?' என்றும் கேளுங்கள். பெயரும் நம்பரும் போர்டில் எழுதி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

உதவிக்கு: பெண்கள் 181, குழந்தைகள் 1098, அவசரத்துக்கு 112.